காட்சி கடல் கடக்கும் வகை

விழாமலருக்கு விஞ்ஞானப் பொருள்பற்றிய கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபொழுது, எப்பொருளை எடுத்துக்கொள்வதென யாம் நெடுநேரம் ஆராய வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவன்று நிகழ்ந்த தவறொன்று எம் மனத்தை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கின்றது. மண்டபத்து நிகழ்ச்சிகளைக் கடல்கடந்து வாழும் பழைய மாணவர்கள் தத்தம் இல்லங்களிலிருந்தே காணுமாறு இணையவழி அனுப்பும் பொறுப்பு அன்று எம் மூவரிடம் விடப்பட்டிருந்தது. எமக்கெல்லாம் கணிதங் கற்பித்த முதிய ஆசிரியர் மேடையேறிப் பன்னிரண்டு நிமிடம் பேசினார். ஒன்பதாம் நிமிடத்திற் படம் சிறுசிறு சதுரங்களாகச் சிதறியது. குரல் விக்கி விக்கி நின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தோர் அவருரையின் இறுதிப் பகுதியைக் கேட்டிலர். சேய்மையிலுள்ள சேவையகத்திற் பதிவாவது போதுமென எண்ணி, மண்டபத்தில் வேறு பதிவு வையாது விட்டோம். அங்குப் பதிவானதும் சிதறிய படமே.

அன்றிரவு ரொறன்ரோ நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "மாஸ்ரர் கடைசியாய் என்ன சொன்னவர்?" என்று வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. யாம் கம்பிகளோடு போராடிக்கொண்டிருந்தோம். ஆசிரியர் இவ்வாண்டு தை மாதத்திற் காலமானார். அவ்வுரையின் பிற்பகுதி மண்டபத்திலிருந்த சிலருடைய நினைவிலன்றி வேறெங்கும் இன்றில்லை.

பிழை எங்கே நிகழ்ந்தது என்று பின்னர் ஆராய்ந்தபொழுது, கருவிகளை நொந்துகொள்வதற்கு ஒன்றுமில்லை என்பதைக் கண்டோம். காட்சியை ஏற்றிச் செல்லும் நெறிமுறைகளின் இயல்பறியாது, ஒன்றுக்குப் பதிலாக வேறொன்றை அவசரத்திற் கைக்கொண்டமையே பிழை. அந்நெறிமுறைகள் யாவை, ஒவ்வொன்றும் எதைக் காக்கின்றது, எதைக் கைவிடுகின்றது என்பனவற்றை இங்கு எடுத்துரைக்க முயல்வோம்.

முதற்கண் அனுப்பவேண்டிய பொருளின் அளவை அறிதல் வேண்டும். இன்று பெருவழக்காயுள்ள தெளிவான படமொன்றில் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உள. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறித்தற்கு 24 பிற்றுகள் வேண்டும். செக்கனுக்கு 25 படங்கள் வேண்டும். பெருக்கிப் பார்ப்போர் செக்கனுக்கு 1,244,160,000 பிற்றுகள் எனக் காண்பர். நூற்றிருபத்துநான்கு கோடிக்கு மேற்பட்ட இத்தொகையை எமது கல்லூரியின் இணைப்பு ஒருகாலும் தாங்காது. எனவே, படத்தைச் சுருக்கி, செக்கனுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் பிற்றுகளாக, அஃதாவது இருநூற்றைம்பதில் ஒரு பங்கினளவாக ஆக்குகின்றனர். இதற்குக் கைக்கொள்ளும் உபாயம் எளியது: இரண்டு செக்கனுக்கு ஒருமுறை முழுப்படம் ஒன்றை அனுப்பி, இடையிலுள்ள 49 படங்களுக்கும் முன்னையதற்கும் பின்னையதற்கும் உள்ள வேறுபாட்டை மாத்திரம் அனுப்புவது. பேசுபவருக்குப் பின்னாலுள்ள திரைச்சீலை அசையாது நிற்குமாயின் அதனை மீண்டும் மீண்டும் அனுப்புவானேன்?

இச்சிக்கனத்துக்கு ஒரு விலையுண்டு. வேறுபாட்டைக் கூறும் செய்தியில் ஒரு துண்டு தவறினால், அதன்மேற் கட்டப்பட்ட அடுத்த படமும் அதற்கடுத்த படமும் பிழைபடும். அடுத்த முழுப்படம் வருமளவும் அக்கறை நீங்காது. திரையிற் சதுரங்கள் தோன்றி, ஒன்றிரண்டு செக்கன் நின்று, பின் மறைவதை நேயர்கள் கண்டிருப்பர். காரணம் இதுவே.

இவ்வாறு சுருக்கப்பட்ட படத்தைப் பொதிகளாகக் கட்டவேண்டும். தொலைக்காட்சித் துறையில் எம்பெக் முறைப்படி 188 பைற்று கொண்ட சிறு துண்டுகள் வழங்குகின்றன. ஈதர்நெற் கம்பிவழிச் செல்லும் ஒரு பொதியோ 1,500 பைற்றுக்கு மேற் கொள்ளாது. அதிலும் முகவரி முதலிய மேலுறைகளுக்கு 40 பைற்று கழியும், எஞ்சுவது 1,460. எட்டுத் துண்டுகளை இட்டால் 1,504 ஆகிவிடும். ஆகவே ஏழு துண்டுகளை இட்டு 1,316 பைற்றாகக் கட்டுவதே வழக்கமாயிற்று. எமது 50 இலட்சம் பிற்றுகளை இவ்வாறு கட்டினால் செக்கனுக்கு ஏறத்தாழ 475 பொதிகள் புறப்படும்.

பொதிகளைச் சுமந்து செல்வது ஐ.பி. எனப்படும் இணைய நெறிமுறை. இஃது ஓர் உறுதியும் தருவதில்லை. பொதி போய்ச் சேருமென்றோ, அனுப்பிய ஒழுங்கிற் சேருமென்றோ, ஒருமுறை மாத்திரம் சேருமென்றோ அது கூறாது. வழியிலுள்ள ரவுற்றர் ஒன்றிற் கூட்டம் மிகுந்தால், மிகுந்த பொதிகளை அது குப்பையில் எறிந்துவிட்டு வாளாவிருக்கும். அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டுமென்ற நியதியும் இல்லை. இவ்வளவு பொறுப்பற்றதொன்றை ஏன் அமைத்தார்கள் என்று கேட்பது இயல்பு. அவ்வினாவின் விடையிலேதான் இப்பொருளின் சரித்திரம் அடங்கியிருக்கின்றது.

வின்ரன் சேர்வ், றொபேட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட கட்டுரையில், பல்வேறு வலையமைப்புகளை ஒன்றிணைக்கும் நெறிமுறை ஒன்றை விவரித்தனர். அது முதலில் ஒன்றாகவே இருந்தது. பொதிகளைச் சுமத்தலும், தவறியவற்றை மீள அனுப்புதலும், ஒழுங்குபடுத்துதலும் ஆகிய யாவும் ஒரே நெறிமுறையின் கடமைகளாயிருந்தன. கோப்புகளையும் மடல்களையும் அனுப்புவோருக்கு அது நன்றாகவே இருந்தது. ஆனால், தென் கலிபோர்னியாச் சர்வகலாசாலையைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையமொன்றில் 1970களில் மனிதக் குரலைப் பொதிகளாக அனுப்பிப் பரிசோதித்த டனி கோஹென் என்பாருக்கு அது பெருந்தடையாயிற்று. ஒரு சொல்லின் துணுக்கு வழியில் தொலைந்தால், அது மீள வந்து சேருமளவும் பின்னால் வந்த சொற்கள் யாவும் வாயிலில் காத்து நிற்க வேண்டியதாயிற்று. உரையாடுவோருக்கு அத்துணுக்கு வாராமையினும் அக்காத்திருப்பே பெருந்தீங்காயிருந்தது. கோஹெனும் அவரோடு ஒத்த கருத்தினர் சிலரும் வற்புறுத்தியதன் பயனாக, 1978இல் அந்நெறிமுறை இரண்டாகப் பிளக்கப்பட்டது. சுமக்கும் பணி மாத்திரம் ஐ.பி.க்கு உரியதாயிற்று, உறுதி தரும் பணி ரி.சி.பி. என்னும் பெயரோடு அதன்மேல் நின்றது. உறுதி வேண்டாதார் ஐ.பி.யை ஏறத்தாழ நேராகவே பயன்படுத்தற்கு டேவிட் றீட் என்பவர் யூ.டி.பி. என்னும் மெல்லிய நெறிமுறையை வகுத்தார். அது ஆர்.எப்.சி. 768 என்னும் இலக்கத்தோடு 1980 ஓகஸ்ட் 28இல் வெளியாயிற்று. அவ்வாவணத்தின் நீளம் மூன்று பக்கம். அனுப்புபவர் துறையிலக்கம், பெறுபவர் துறையிலக்கம், நீளம், சரிபார்ப்புத் தொகை என்னும் நான்கே உறுப்புகளை உடைய எட்டுப் பைற்று மேலுறை, அவ்வளவே. இணையத்தின் அடிப்படை ஆவணங்களுள் இத்துணைச் சுருங்கியதும் இத்துணை நீடித்து மாறாது நிற்பதும் வேறொன்றைக் காண்டல் அரிது.

ஆகவே, காட்சியும் குரலும் பிற்காலத்தில் இணையத்தின்மேல் ஒட்டப்பட்டவை என்று சிலர் எழுதுவது பொருந்தாது. இணையம் இன்றுள்ள உருவைப் பெற்றதே குரலின்பொருட்டு எழுந்த வழக்கினாலாகும்.

இரண்டினது இயல்பையும் எம்மூர்ப் பனையைக்கொண்டு விளக்கலாம். பனங்கட்டிக் குட்டான்களைப் பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்கு அனுப்புபவர், இன்று சேர்ந்தாலென்ன, நாளை மறுநாள் சேர்ந்தாலென்ன, எண்ணிக்கை குறையாது சேர்ந்தாற் போதும் என்பார். கருப்பநீர் கொண்டு செல்பவரோ அவ்வாறு கூறார். வழியிற் சிறிது சிந்தினும் சிந்துக; வெயில் ஏறுமுன் சேர்ந்தாகவேண்டும்; புளித்தபின் முழுமுட்டியும் வந்து பயனென்ன? ரி.சி.பி. பனங்கட்டி வணிகருக்கு உரியது. யூ.டி.பி. கருப்பநீருக்கு உரியது. நேரலைக் காட்சியின் ஒவ்வொரு பொதிக்கும் புளிக்கும் நேரமொன்று உண்டு. அந்நேரம் கடந்து வந்த பொதிக்கும் வாராத பொதிக்கும் வேறுபாடில்லை.

ஆயினும் ரி.சி.பி.யிடம் இன்னுமொரு குணமுண்டு. அதனை அறியாமையே எம்மை முதலில் ஏமாற்றியது. 1986 ஒக்ரோபரில் கலிபோர்னியாவிலே, லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் அதனின்று 400 யார் தொலைவிலுள்ள பேர்க்லிச் சர்வகலாசாலைக்குமிடையே செக்கனுக்கு 32,000 பிற்றுகளாயிருந்த வேகம் 40 பிற்றுகளாக வீழ்ந்தது. நாற்பதாயிரமன்று, நாற்பது. பொதிகள் தொலையத் தொலைய ஒவ்வொருவரும் அவற்றை மீள மீள அனுப்ப, அம்மீள் பொதிகளே பாதையை அடைத்துவிட்டன. வான் ஜேக்கப்சன் என்பவர் இதனை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட முடிவுகளின்படி ரி.சி.பி. திருத்தப்பட்டது. அதுமுதல், பொதி தொலைந்ததென அறிந்ததும் அது வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, பின்னர் மெல்ல மெல்ல ஏறும். பொதுவழியில் எல்லாரும் செல்லுதற்கு இவ்வடக்கம் இன்றியமையாதது. ஆனால், தொலைவு மிகுந்த பாதையில், கூட்டத்தாலன்றி வேறு காரணத்தாற் சில பொதிகள் தொலையுமாயின், இவ்வடக்கமே வேகத்தைக் கொன்றுவிடும்.

எவ்வளவு கொல்லும் என்பதைக் கணக்கிட 1997இல் மத்திஸ் முதலிய நால்வர் எளிய சூத்திரம் ஒன்று கண்டனர். பொதியின் அளவைப் போய்மீளும் நேரத்தால் வகுத்து, வந்ததை இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் மீண்டும் வகுத்து, ஏறத்தாழ 1.2ஆற் பெருக்குவது. கொழும்பிலிருந்து இலண்டன் நேர்கோட்டில் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையினுள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். ஆகவே போய்மீள 87 மில்லிசெக்கனாவது வேண்டும். கடலடிக் கேபிள்களோ நேரே செல்வதில்லை. வளைந்து, பல நிலையங்களை ஊடுருவிச் செல்வன. யாம் அளந்தபொழுது 200 மில்லிசெக்கன் வரை வந்தது. பொதி 1,460 பைற்று. அஃதாவது 11,680 பிற்று. அதனை 0.2ஆல் வகுக்க 58,400. நூற்றுக்கு ஒரு பொதி தொலைகின்றதெனக் கொள்வோம். நூற்றிலொன்றின் வர்க்கமூலம் பத்திலொன்று. ஆகவே 584,000, அதனை 1.2ஆற் பெருக்க ஏறத்தாழ ஏழு இலட்சம் பிற்று. எமக்கு வேண்டியதோ 50 இலட்சம்! இணைப்பின் கொள்ளளவு எவ்வளவு பெரிதாயினும் ஆகுக, அக்காலத்து ரி.சி.பி. அப்பாதையில் ஏழு இலட்சத்துக்கு மேற் செல்லாது. பின்வந்த கியூபிக், 2016இல் கூகிள் நிறுவனத்தார் வெளியிட்ட பி.பி.ஆர். முதலிய திருத்தங்கள் இந்நிலையைப் பெரிதும் சீர்செய்தன. எனினும், தொலைந்ததற்காக யாவரும் காத்து நிற்றல் என்னும் குறை அவற்றாலும் நீங்காது.

இக்கணக்கை ஆசிரியர் உயிரோடிருந்தகாலை அவர்முன் வைத்திருப்பின், விழாவுக்கு முதல்நாளே எம் தவறு வெளிப்பட்டிருக்கும்.

விழாவன்று நிகழ்ந்தது இதுதான். முற்பகலில் ரி.சி.பி. வழி அனுப்பினோம். முதல்நாள் இரவு வெறும் மண்டபத்திற் செய்த ஒத்திகை செம்மையாயிருந்தது. விழாவன்றோ மண்டபம் நிறைந்தது. வந்தவர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கைத்தொலைபேசி. மண்டபத்திலிருந்து கந்தோருக்கு யாம் அமைத்திருந்த கம்பியற்ற இணைப்பு அவற்றின் நடுவே திணறிப் பொதிகளைத் தவறவிட்டது. படம் நின்று நின்று சென்றது; நிமிடத்துக்கு நிமிடம் பின்தங்கியது. தேவாரம் முடிந்து அறிக்கை வாசிப்பு நடக்கையில் இலண்டனார் இன்னும் மங்கலவிளக்கேற்றலைப் பார்த்துக்கொண்டிருந்தனர். முறைப்பாடுகள் வந்தன. இடைவேளையின்போது, யூ.டி.பி. விரைவானதென யாரோ கூறியதை நம்பி, வெறும் யூ.டி.பி.க்கு மாற்றினோம். பின்தங்கல் உடனே நீங்கியது, யாமும் மகிழ்ந்தோம். செக்கனுக்கு 475 பொதிகளில் நூற்றுக்கொன்று தொலைந்தால் இரண்டு செக்கனுள் ஒன்பது, பத்துத் தொலையும் என்பதையும், ஆகவே ஒரு முழுப்படத்துக்கும் அடுத்த முழுப்படத்துக்குமிடையே பழுதுறாத காட்சி அரிது என்பதையும் எண்ணிப் பார்த்திலோம்.

அஃதாவது, பனங்கட்டி வண்டியிற் கருப்பநீரை ஏற்றினோம். பின்னர் ஓட்டைக் குடத்தில் ஏற்றினோம். இவ்விரண்டுக்கும் நடுவே அறிஞர் கண்ட வழிகளே இனிக் கூறப்படுவன.

ஹென்னிங் சுல்ஸ்றின், ஸ்ரீபன் காஸ்னர், றொன் பிறெடெறிக், முன்கூறிய வான் ஜேக்கப்சன் ஆகிய நால்வரும் ஆர்.ரி.பி. என்னும் நெறிமுறையை 1996 ஜனவரியில் வெளியிட்டனர். 2003இல் அது திருத்திப் பதிப்பிக்கப்பட்டது. யூ.டி.பி.யின்மேல் இன்னும் 12 பைற்று மேலுறை ஒன்றை இடுவதே அது செய்வது. அம்மேலுறையில் வரிசை இலக்கமொன்றும் நேரமுத்திரையொன்றும் உள. வரிசை இலக்கத்தால் எப்பொதி தொலைந்தது, எப்பொதி ஒழுங்குமாறி வந்தது என்பன புலப்படும். அது 65,535 வரை சென்று மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பும். எமது வேகத்தில் ஏறத்தாழ 138 செக்கனுக்கு ஒருமுறை இவ்வட்டம் முடியும். நேரமுத்திரையோ, அத்துண்டு திரையில் எக்கணத்திற் காட்டப்படவேண்டுமென்பதைக் கூறும். இதற்குரிய கடிகாரம் செக்கனுக்கு 90,000 முறை அடிக்கும். ஏன் தொண்ணூறாயிரம்? திரைப்படத்துக்குச் செக்கனுக்கு 24 படம், எமது நாட்டிலும் ஐரோப்பாவிலும் தொலைக்காட்சிக்கு 25, அமெரிக்காவில் 30. தொண்ணூறாயிரத்தை இம்மூன்றாலும் வகுத்தால் 3,750, 3,600, 3,000 என மீதியின்றி வரும். அமெரிக்க வர்ணத் தொலைக்காட்சியின் கோணலான எண்ணாகிய 29.97க்கும் படமொன்றுக்குச் சரியாக 3,003 அடிகள் அமைகின்றன. பொதுமடங்கைப்பற்றி மாணவர் சலித்துக்கொள்ளும்போது ஆசிரியர்கள் இவ்வெடுத்துக்காட்டைக் கூறலாம்.

பொதிகள் சமகால இடைவெளியோடு புறப்படினும், வழியில் சில விரைந்தும் சில தயங்கியும் வரும். ஆகவே பெறும் கருவி அவற்றை உடனே காட்டாது சிறிதுநேரம் தேக்கிவைத்து, நேரமுத்திரைப்படி திறந்துவிடும். குளத்து மதகு செய்யும் வேலையே இது. மழை விட்டுவிட்டுப் பெய்யினும் வாய்க்காலில் நீர் ஒருசீராய் ஓடும். குளம் பெரிதாயிற் காட்சி குலையாது, ஆனால் பிந்தும். சிறிதாயின் பிந்தாது, ஆனால் குலையும். பெறுபவர் தமக்கு எவ்வளவு இழப்பு நேர்ந்தது, நடுக்கம் எவ்வளவு என்பனவற்றை அவ்வப்போது அனுப்புநருக்கு அறிவித்தற்கு ஆர்.ரி.சி.பி. என்னும் துணைநெறிமுறையும் உண்டு. இவ்வறிக்கைகள் மொத்தப் போக்குவரத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாதென்பது விதப்புரை. ஆயிரம் பேர் பார்த்தாலும் அறிக்கைகளே வழியை அடைத்துவிடாதவாறு, பார்ப்போர் பெருகப் பெருக அவரவர் அறிக்கையிடும் இடைவெளியும் நீளும்.

இழப்பை அறிந்தோம், அதனை ஈடுசெய்வது எங்ஙனம்? வழிகள் இரண்டு.

முதலாவது, கேளாமலே முற்கூட்டி ஈடு அனுப்புதல். ஒரு பொதி 1011 எனவும் மற்றொன்று 0110 எனவும் இருக்கட்டும். ஒவ்வோரிடத்திலும் இரண்டும் ஒத்திருப்பின் 0, வேறுபடின் 1 என எழுதினால் 1101 என்னும் மூன்றாம் பொதி கிடைக்கும். மூன்றையும் அனுப்புவோம். முதலாவது தொலைந்தால், 1101ஐயும் 0110ஐயும் அதே முறையில் ஒப்பிட 1011 மீண்டும் தோன்றும்! பத்துப் பொதிக்கு ஒன்றாகவும் இவ்வாறு செய்யலாம். பத்தில் எவ்வொன்று தொலைந்தாலும் மீட்கலாம். ஆனால், பொதிகள் பெரும்பாலும் ஒன்றொன்றாகத் தொலைவதில்லை, கூட்டமாகத் தொலைகின்றன. அதன்பொருட்டு 100 பொதிகளைப் பத்துக்குப் பத்தாகச் சதுரங்கப் பலகைபோல் அடுக்கி, நிரைக்கு ஒன்றும் நிரலுக்கு ஒன்றுமாக ஈட்டுப்பொதி செய்வர். தொடர்ந்து பத்துப் பொதி தொலையினும் அவை வெவ்வேறு நிரலில் விழுவதால் யாவும் மீளும். இம்முறையைத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியியலாளர் சங்கத்தார் 2007இல் நியமமாக்கினர். செலவு நூற்றுக்கு இருபது மேலதிகம். தொலையாத நாளிலும் அச்செலவு உண்டு.

இரண்டாவது, தொலைந்ததை மாத்திரம் கேட்டுப் பெறுதல். ரி.சி.பி.யும் கேட்டே பெறுகின்றது. ஆயின் எத்துணைக் காலம் சென்றாலும் கேட்டுக்கொண்டேயிருக்கும். இங்கோ ஓர் எல்லையுண்டு. கனடாவைச் சேர்ந்த ஹைவிஷன் நிறுவனத்தார் ஆக்கி, 2017இல் எல்லாரும் பயன்படுத்துமாறு திறந்துவிட்ட எஸ்.ஆர்.ரி. என்னும் நெறிமுறை இவ்வகையினது. அதுவும் யூ.டி.பி.யின்மேலேயே செல்வது. காட்சியை இத்தனை மில்லிசெக்கன் தாழ்த்திக் காட்டுவோமென இரு முனையும் தொடக்கத்திலேயே உடன்பட்டுக்கொள்ளும். அத்தவணைக்குள் தொலைந்த பொதியைக் கேட்டுப் பெறலாம். தவணை கடந்தால் அதனை மறந்து மேலே செல்லும். தவணையைப் போய்மீளும் நேரத்தின் மூன்று அல்லது நான்கு மடங்காக வைத்தல் நன்றென்பர். எமது பாதைக்கு அது 800 மில்லிசெக்கன். ஒரு செக்கனும் இல்லை. அவ்வளவு பொறுத்திருக்க இசைந்திருந்தால், அன்று தொலைந்த பொதிகளுட் பெரும்பாலானவை, ஒருமுறை கேட்டுக் கிடையாவிடின் மறுமுறை கேட்டுக் கிடைத்திருக்கும். ஒரு செக்கன் பிந்துவதாற் பரிசளிப்பு விழாவுக்கு என்ன குறை வந்துவிடும்? பின்தங்குதலே பெருங்குற்றமென்று அன்று மயங்கியிருந்தோம்.

இதுவரை கூறியது மண்டபத்திலிருந்து சேவையகம் வரையுள்ள ஒரே பாதையைப்பற்றியது. அங்கிருந்து பார்ப்போர் பலருக்கும் பகிர்ந்தளித்தல் வேறொரு பிரச்சினை. எண்ணூறு பேருக்குத் தனித்தனி 50 இலட்சம் அனுப்பினால் 400 கோடி பிற்று ஆகும். ஒரே பொதியை அனுப்ப, வழியிலுள்ள ரவுற்றர்களே கிளைக்குக் கிளை பிரதி செய்து வழங்கும் முறையை ஸ்ரீவ் டியரிங் 1980களில் வகுத்தார்; 1992இல் அறிஞர் கூட்டமொன்றின் ஒலியை அம்முறையிற் பல நாடுகளுக்கு அனுப்பியும் காட்டினர். மிக அழகிய முறை. எனினும் பொது இணையத்தில் அது நிலைபெறவில்லை. ஒரு நிறுவனத்தின் ரவுற்றர் மற்றொரு நிறுவனத்தின் பார்வையாளருக்காக இலவசமாகப் பிரதி செய்வானேன் என்ற வினாவுக்கு எவரும் தக்க விடை கண்டிலர். தத்தம் சொந்த வலையமைப்பினுள் வீட்டுத் தொலைக்காட்சி வழங்குவோர் அதனைக் கையாளுகின்றனர்.

பொது இணையத்தில் வென்றது, சற்று முரடான முறை. காட்சியைச் சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சாதாரணக் கோப்பாகச் சேவையகத்தில் வைத்துவிடுவது. பார்ப்பவரின் கருவி, இணையப் பக்கத்தைக் கேட்பதுபோல அவற்றை எச்.ரி.ரி.பி. வழியாக ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பெறும். அப்பிள் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட எச்.எல்.எஸ். முறையும், 2012இற் சர்வதேச நியமமான டாஷ் முறையும் இவ்வகையின. ஒரே காட்சியைச் செக்கனுக்கு 4 இலட்சம், 10 இலட்சம், 50 இலட்சம் எனப் பல தரத்தில் வைத்திருப்பர். இணைப்பு தளர்ந்தபோது கருவி தானே தாழ்ந்த தரத்துண்டைக் கேட்கும். படம் மங்குமேயன்றி நில்லாது. கோப்புகளாதலால் ஊருக்கு ஊர் இடைச் சேவையகங்களிற் பிரதி வைக்கலாம், யூ.டி.பி.யைத் தடுக்கும் அலுவலக மதில்களையும் இவை தடையின்றிக் கடக்கும். ரி.சி.பி.யின் காத்திருத்தல் இங்குக் குறையாகாது. முன்னாலே பல செக்கனுக்குரிய துண்டுகள் தேங்கியிருக்கின்றனவன்றோ.

விலை, தாமதம். ஆறு செக்கன் துண்டுகளில் மூன்றைச் சேர்த்துக்கொண்டு காட்டத் தொடங்கினால் 18 செக்கன் கழிந்துவிடும். கிரிக்கெற் ஆட்டமொன்றை இவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தபொழுது, மைதானத்திலிருந்த நண்பர் தொலைபேசியில் "விழுந்திட்டுது!" என்று கூவினார்; எம் திரையிற் பந்து வீசுபவர் அப்பொழுதுதான் பந்தைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தார். இக்குறையை நீக்கத் துண்டுகளை மேலும் நுண்ணிதாக வெட்டும் முறைகள் வந்துள்ளன. 2021இல் நியமமாகிய குவிக் என்னும் நெறிமுறை இன்னும் ஆழமான மாற்றம். அது யூ.டி.பி.யின்மேல் நின்று, ரி.சி.பி.யின் உறுதியையும் அடக்கத்தையும் தானே செய்கின்றது. ஆனால் பல ஓட்டங்களைத் தனித்தனியே நடத்துவதால், ஓர் ஓட்டத்தில் தொலைந்த பொதிக்காக மற்றையவை காத்து நில்லா. 1980இன் மூன்று பக்க ஆவணம் நாற்பதாண்டின் பின் இவ்வாறு புதிய மாளிகைக்கு அத்திவாரமாகும் என்று அன்று எவர் எண்ணியிருப்பர்?

யூ.டி.பி.யைக் கையாள்வோர் ஒன்றை மறக்கலாகாது. அதற்கு ரி.சி.பி.யின் அடக்கம் இயல்பில் இல்லை. கல்லூரியின் ஒரே இணைப்பில் யாம் கட்டுப்பாடின்றிப் பொதிகளைச் சொரிந்தால், கணினிக்கூடத்திலிருக்கும் மாணவரின் ரி.சி.பி. ஒதுங்கி ஒதுங்கி ஒன்றுமில்லாமற் போகும். வேகத்தை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளுதல் எம் கடமை.

இவ்வாண்டு விழாவுக்கு யாம் வகுத்துள்ள ஒழுங்கு வருமாறு. மண்டபத்திலிருந்து சேவையகம் வரை எஸ்.ஆர்.ரி.; தவணை 800 மில்லிசெக்கன்; வேகம் 30 இலட்சத்துக்கு மேற்படாது. சேவையகத்திலிருந்து பார்ப்போருக்கு எச்.எல்.எஸ்.; இருபது செக்கன் பிந்தினும் பிந்துக. ஆனால் ஆசிரியருடைய நினைவுரையை ரொறன்ரோவிலிருந்து அந்நண்பரே நிகழ்த்தவிருக்கின்றார். பின்னர் மண்டபத்திலிருந்து மாணவர் அவரிடம் வினாக்கள் கேட்பர். உரையாடலில் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்கு 150 மில்லிசெக்கனுள் ஒலி சேர்தல் நன்றென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதப்புரை, 400ஐத் தாண்டலாகாது. அதற்கு எஸ்.ஆர்.ரி.யும் உதவாது, எச்.எல்.எஸ். சிறிதும் உதவாது. ஆர்.ரி.பி.யையே உள்ளே கொண்டு மிகச்சிறு தேக்கத்தோடு இயங்கும் வெப்-ஆர்.ரி.சி. முறையை அப்பகுதிக்கு மாத்திரம் வைத்துள்ளோம். அதிற் படம் சிறிது சிதறலாம், பொறுத்தருள்க.

பதிவு இம்முறை மண்டபத்திலேயே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கருவிகளில் நடைபெறும். கம்பியற்ற இணைப்பை அகற்றிவிட்டோம். ஈதர்நெற் கம்பி 100 மீற்றருக்கு மேற் செல்லலாகாது. மண்டபத்திலிருந்து கந்தோர் வரை மாமரத்தைச் சுற்றி அளந்தபொழுது 70 மீற்றர் வந்தது. சென்ற சனிக்கிழமை அதனை இழுத்து முடித்தோம்.